கம்ப்யூட்டரில் வரைந்த அரூர்

என் மகள் முதன்முதலாக எழுந்து நடந்த வாரத்தில், நான் மெட்ராஸில் ஏசி போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து அரூர் கடைவீதியைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வாரம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் தருமபுரியில் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வந்தவள். ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் அலுவலகம். ஊர் எந்தப் பக்கம் வளரப்போகிறது, எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை வைக்கலாம், எந்தச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று திட்டம் எழுதி, அதற்கு வரைபடம் போடுவது எங்கள் வேலை. பழைய சர்வே தாள்களை ஒட்டுப்போட்டு, மேலே ட்ரேசிங் துணியை விரித்து, மைப்பேனாவால் ஒவ்வொரு கோடாகப் படியெடுப்போம். குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், ஆலைகளுக்கு ஊதா என்று வண்ணம் தீட்டுவோம். அம்மோனியா பிரின்ட் எடுக்கிற நாளில் எல்லோருக்கும் கண் எரியும். சாலையைக் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து வந்துவிட்டால் அந்தத் தாளையே முதலிலிருந்து போட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. குறை ஒன்றும் இல்லை.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு மாதப் பயிற்சி, அலுவலகத்துக்கு ஒருவரை அனுப்ப வேண்டும் என்று. கம்ப்யூட்டரை அதுவரை நான் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மூத்த வரைவாளர்கள் இருவரும் மெட்ராஸ் வெயிலையும் கண்பார்வையையும் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அடுத்த வருடமே நம் அலுவலகத்துக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்துவிடும், அதை இயக்க ஆள் வேண்டும், நீங்கள் போனால் நன்றாக இருக்கும் என்றார். குழந்தை சின்னது என்றேன். வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கள் என்றார். கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் அவரைக் குறை சொல்லிக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பேன்.

நாங்கள் அதியமான்கோட்டையில் குடியிருந்தோம். என் கணவர் காரிமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் தருமபுரி வருவோம்; நான் இறங்கி ஆபீசுக்கு நடப்பேன், அவர் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிப்பார். பகலில் குழந்தையை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். சேதியை என் கணவரிடம் சொன்னேன். அக்காவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

அக்கா என்றால் அவருடைய ஒரே அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அரூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், என் மாமனார் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். கொஞ்சம் நிலம், நிலக்கடலையும் கேழ்வரகும் போடுவார். இரண்டு கறவை மாடு. அண்ணிக்குக் கல்யாணமான சில வருடங்களிலேயே அவருடைய கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதாகப் பேச்சு. அண்ணி அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவார், பூசை முடிந்ததும் யாரோடும் நிற்காமல் கடலைக் காட்டுக்குப் போய்விடுவார். குழந்தை கிடையாது.

நாங்கள் போய்க் கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. என் மடியில் இருந்த குழந்தையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு மாசந்தான, போயிட்டு வா. வூட்ல மாடு இருக்குது, பாலுக்கென்ன கொற. நான் பாத்துக்கறன்."

மகளுக்கு அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை விட்டால் உட்கார்ந்துவிடுவாள். இரவில் இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு முன்னால் பாலை மறக்கடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. கடைசி நாள் வரை கொடுத்தேன். அண்ணி வீட்டில் அவள் தூங்கும்போது கிளம்பி மொரப்பூரில் ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க, கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதியின் குளியலறையில் பாலைப் பிழிந்து கீழே விட்டேன். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவேன்.

வகுப்பு வேறு உலகமாக இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் மார்கழி மாதம் மாதிரி குளிரும். நாலைந்து கம்ப்யூட்டர்கள், பச்சை எழுத்து. ஓரத்தில் எங்கள் வரைபலகை அளவுக்கு ஒரு வெள்ளை மேசை. அதற்கு டிஜிடைசர் என்று பெயர். மேலே தாளை ஒட்டி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை அதன் மேல் நகர்த்த வேண்டும். அந்தக் கருவியின் கண்ணாடியில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதைத் தாளில் ஒரு வீட்டின் மூலைமேல் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், அந்த மூலை இருக்கிற இடம் எண்ணாகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். மூலை மூலையாக அழுத்திக்கொண்டே போனால் திரையில் வீடு வந்து நிற்கும், அப்புறம் தெரு, அப்புறம் ஊர்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு விரிவுரையாளர். என்னைவிட இளையவர். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டால் முழுக்கத் தமிழாகிவிடும். முதலில் தாளின் நான்கு மூலைகள் எங்கே இருக்கின்றன என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும், அதில் பிசகினால் ஊரே சாய்ந்துவிடும் என்றார். என் முதல் படத்தில் ஊர் சாய்ந்துதான் போனது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரத்தில் எனக்குக் கை பழகிவிட்டது. பத்து வருடம் மைப்பேனா பிடித்த மற்றவர்களுக்குக் கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டுவதுதான் தகராறு. எனக்கு அது சீக்கிரம் வந்தது. சாலை ஒரு லேயர், வீடுகள் ஒரு லேயர், கிணறு குளங்கள் ஒரு லேயர் என்று தனித்தனியாகப் போட்டு, வேண்டியதை மட்டும் பார்க்கலாம் என்று தெரிந்த அன்று மத்தியானம் நான் சாப்பிடவே போகவில்லை. சாலைகளை எடுத்துவிட்டுக் கிணறுகளை மட்டும் பார்த்தேன். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்தது. எங்கள் ஆபீசில் அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் ஆகும்.

பயிற்சிக்கு அவரவர் ஊர்த் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் தருமபுரித் தாளையும் அரூர்த் தாளையும் எடுத்துப் போயிருந்தேன். வரைவதற்கு அரூரை எடுத்தேன். குழந்தை அந்தப் பக்கம் இருந்ததுதான் காரணம். சேலம் சாலை, திருவண்ணாமலைச் சாலை, பஸ் நிலையம், சந்தை மைதானம் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். அண்ணி வீட்டுக்கு டவுன் பஸ் திரும்புகிற சாலை தாளின் ஓரத்தில் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். கிராமம் அந்தத் தாளில் இல்லை. அந்த ஓரம் வரைக்கும் கருவியை நகர்த்திவிட்டுச் சற்று நிறுத்துவேன். பிறகு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இரவில் குழந்தையை நினைத்து அழுதேன், பகலில் மறந்தேன். காலையில் அந்தக் குளிர்ந்த அறைக்குள் நுழையும்போது எனக்கு இருந்த ஆவல் அதற்கு முன்போ பின்போ எந்த வேலையிலும் இருந்ததில்லை.

பாதியில் ஒரு விடுமுறை வந்தது. ராத்திரி ரயிலில் ஏறி, விடியற்காலையில் மொரப்பூரில் இறங்கி, அரூர் பஸ் பிடித்து, அண்ணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கணவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். முற்றத்தில் கடலைக்காய் காயப்போட்டிருந்தது. அதன் நடுவில் என் மகள் நடந்து வந்தாள். யாரையும் பிடிக்காமல், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. நான் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் அண்ணியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா எங்க? பாப்பா, அம்மாவக் காட்டு" என்றார்.

என் மகள் திரும்பி, உள்ளே சுவரைக் காட்டினாள். அங்கே இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. "ம்மா" என்றாள், போட்டோவைப் பார்த்து.

தினமும் விளக்கு வைத்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், இதுதான் அம்மா, அம்மா மெட்ராஸில் இருக்கிறாள், சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அண்ணி காட்டியிருக்கிறார். குழந்தை என்னை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே செய்தார். தன்னை அம்மா என்று கூப்பிட ஒருநாளும் விடவில்லை என்று என் கணவர் சொன்னார். அத்தை என்று சொல்லப் பழக்கியிருந்தார், அவள் "த்தே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அண்ணி என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். நான்தான், குழந்தை நடந்துவிட்டாளே என்று சிரித்து, எப்போது நடந்தாள் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வாரக் கணக்கு தெரிந்தது.

மாலைக்குள் அவள் என்னிடம் வந்துவிட்டாள். மடியில் உட்கார்ந்தாள், வளையலைப் பிடித்து இழுத்தாள். ஆனால் தூக்கம் வந்ததும் அண்ணியிடம் தாவினாள். மறுநாள் நான் ரயிலுக்குக் கிளம்பியபோது அண்ணியின் இடுப்பில் இருந்தபடி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். அழவில்லை. அழாததுதான் எனக்கு வழியெல்லாம் வலித்தது.

திரும்பிப் போய் வெறிபிடித்தவள் மாதிரி வேலை செய்தேன். கடைசிப் பயிற்சியாக ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் ஒரு திட்டமிடல் கேள்வியை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் அதற்கு விடை காட்ட வேண்டும். அரூர் பஸ் நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் எங்கே மாற்றலாம் என்பதை நான் எடுத்தேன். இரண்டு இடங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வீடு போகும், எவ்வளவு நிலம் வேண்டும் என்று மெஷினில் கணக்குப் பார்த்தேன். முதல் இடத்தில் நிலம் நிறைய இருந்தது. ஆனால் சந்தை நாளில் புளியும் கடலையும் ஏற்றிய வண்டிகள் வருகிற பாதை அதை ஒட்டிப் போகிறது. அதனால் இரண்டாவது இடம்தான் சரி என்று எழுதினேன். விரிவுரையாளர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ப்ளாட்டரில் போடச் சொன்னார். ஓர் இரும்புக் கை பேனாவை எடுத்து எடுத்து, தாள் முன்னும் பின்னும் ஓட, என் அரூரை வண்ண வண்ணமாக வரைந்தது. நான் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

அன்று மாலை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன நகரங்கள் சிலவற்றை முழுசாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை ஒன்று அங்கே தொடங்கப்போவதாகவும், ஒரு வருடம் டெபுடேஷனில் என்னைக் கேட்டுக் கடிதம் போட விரும்புவதாகவும் சொன்னார்.

"நீங்க வந்தீங்கன்னா அரூர்லயிருந்தே ஆரம்பிக்கலாம்மா. யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க."

ஊருக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே கேட்டார். போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உன் இஷ்டம். நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி" என்றார்.

அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அது தனியாக விட்டுவிட்ட மாதிரி இருந்தது. போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. போகாதே என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது போயிருப்பேனோ என்னவோ.

குழந்தையைக் கூட்டிவர அண்ணி வீட்டுக்குப் போனோம். பயிற்சியில் என்ன செய்தேன் என்று அண்ணி கேட்டார். நான் சுருட்டிக் கொண்டுவந்திருந்த படத்தை விரித்துக் காட்டினேன். அரூர் சந்தையையும் கோயிலையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தார். மெஷினே வரைந்ததா என்று நம்பாமல் கேட்டார். அந்தப் பேச்சில் என் கணவர் ஒரு வருட வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

அண்ணி உடனே என்னைப் பார்த்தார். "நீ போம்மா. இன்னொரு வருசம்னாலும் நான் பாத்துக்கறன். பாப்பா இங்க நல்லாத்தான இருக்கறா."

அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. நான் அதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து வந்து நின்றால் குழந்தை எனக்கு என்னவாக இருப்பாள் என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

"வேணாங்க அண்ணி. தருமபுரிக்கே மெஷின் வரப்போவுதாம். நான் இங்கயே அந்த வேலயப் பாத்துக்குவன்" என்றேன்.

அண்ணி, அப்படியா, அதுவும் நல்லதுதான் என்றார். குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். கடலை, ஒரு தூக்குப்போசியில் நெய், அவளுக்குப் பிடித்த கேழ்வரகு மாவு எல்லாம் கட்டினார். பஸ் நிறுத்தம் வரை குழந்தையைத் தன் இடுப்பிலேயே தூக்கி வந்தார். பஸ் வந்ததும் என்னிடம் கொடுத்தார். பஸ் நகர்ந்ததும்தான் என் மகளுக்குப் புரிந்தது. "த்தே, த்தே" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தவள் அரூர் வரும்வரை நிறுத்தவில்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள், தாயை விட்டுப் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகிறீர்களா என்று என்னிடமே கேட்டார்.

மெட்ராஸுக்கு வர இயலவில்லை என்று எழுதிப் போட்டேன்.

தருமபுரிக்கு அடுத்த வருடம் கம்ப்யூட்டர் வரவில்லை. அதற்கான அறை மட்டும் தயாரானது. ஜன்னலை அடைத்து, கீழே விரிப்பு ஒட்டி, ஏசி பொருத்தினார்கள். கொஞ்ச நாளில் அந்த அறையில் பழைய தாள் கட்டுகளை அடுக்கினோம். என்னை அனுப்பிய அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு நான் பயிற்சி பெற்றவள் என்பதே தெரியாது. நான் பழையபடி ட்ரேசிங் துணியில் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் கட்டளைகளை மறக்காமல் இருக்க மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே தெரிகிற வீடுகளின் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துவது மாதிரி விரல் தானாக அசையும். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் வந்தபோது எண்பதுகள் முடிந்துகொண்டிருந்தன. கூடவே ஓர் ஆபரேட்டரையும் நியமித்திருந்தார்கள். சேலத்தில் ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய இளைஞர், மரியாதையானவர். பயிற்சி முடிந்தபோது என் படத்தைப் பதிந்து கொண்டுவந்திருந்த ப்ளாப்பியைப் பீரோவிலிருந்து எடுத்துப் போய்க் கொடுத்தேன், இதில் அரூர் முழுக்க இருக்கிறது என்று. அவர் உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பூஞ்சை பிடித்திருந்தது. மெஷினில் போட்டுப் பார்த்தார், படிக்கவில்லை. பரவாயில்லை, புதிதாகவே போட்டுவிடலாம் என்றார்.

அரூரை மறுபடியும் முதலிலிருந்து அவர் ஏற்றினார். தாளில் சர்வே எண்கள் மங்கிப்போயிருந்ததால், எனக்கு அந்தத் தாள் பழக்கம் என்று என்னைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படிக்கச் சொன்னார்கள். நான் படித்தேன், அவர் தட்டினார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவர் ஓர் எல்லைக்கோட்டை முழுக்க மூடாமல் விட்டுவிட்டார், பரப்பளவு கணக்கு வரவில்லை. எங்கே தவறு என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது. சந்தைக்குப் பின்னால் பெரிதாக்கிப் பாருங்கள் என்றேன். பார்த்துச் சரிசெய்துவிட்டு, "உங்களுக்கு இது வருங்களா மேடம்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். கொஞ்சம் பழகினேன் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்றார். ஒருநாள் உட்கார்ந்தேன். கட்டளைகள் மாறியிருந்தன. ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் நான் போகவில்லை.

அண்ணி ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை எங்களைப் பார்க்க வந்தார். அவர் கிளம்பும்போதெல்லாம் குழந்தை அழுது காய்ச்சலில் விழுவாள். ஒரு தடவை அவரே சொன்னார்: "நான் வந்துட்டுப் போனா அவ ரெண்டு நாளு சோறு திங்கமாட்டேங்கறா. இனிமே நான் வர்ல கண்ணு. நல்லா இருங்க." வேண்டாம், வாருங்கள் என்று நான் சொன்னேன்தான். அழுத்திச் சொல்லவில்லை. அடுத்த வருடம் மாடுகளை விற்றுவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு பெங்களூருக்குப் போனார். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. வேலைக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம். பங்குச்சாமியார் சொல்லி ஏற்பாடு என்று கடிதம் போட்டார்.

ஆபீசில் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் அவரைப் பார்க்கப் போனோம். அண்ணி வெளிர்நீலப் புடவை கட்டியிருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கன்னடத்தில் அவற்றை அதட்டினார், கொஞ்சினார். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. யாரோ உறவுக்காரர் என்ற அளவில்தான் அவளுக்கு அவரைத் தெரியும். சொல்லிக் கொடுத்ததும் முட்டி போட்டு, பெரியவர்களுக்குச் சொல்கிற ஸ்தோத்திரம் சொன்னாள். அண்ணி அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, உயரமாகிவிட்டாள் என்று மட்டும் சொன்னார். சற்றுத் தள்ளி நின்று அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம், "அந்தக் கம்ப்யூட்டரு வேல நல்லாப் போவுதா?" என்று கேட்டார். நான் நல்லாப் போவுதுங்க என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மகள் என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். ஓசூர் தாண்டியதும் என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ அன்னிக்கி அக்காவயும் பாப்பாவயும் மெட்ராஸ்க்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம். ஒரு ரூமு எடுத்திருக்கலாம். அக்கா வந்திருக்கும்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அது எவ்வளவு சுலபமான வழி! இரண்டு மாடுகளை விற்க வேண்டும், ஓர் அறை வாடகைக்கு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். நான் காலையில் வேலைக்குப் போயிருப்பேன், மாலையில் குழந்தை இருக்கிற இடத்துக்கு வந்திருப்பேன். அண்ணிக்கும் அவள் கிடைத்திருப்பாள். எப்படியும் அண்ணி ஊரை விட்டுத்தான் போனார், எப்படியும் மாடுகளை விற்றார்.

"அப்பவே இதச் சொல்லியிருக்கலாங்களே" என்றேன்.

"எனக்கு அப்பத் தோணல" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "உனக்கும் தோணலதான?"

எனக்கும் தோன்றவில்லை. மூன்று பேர் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம், மூன்று பேருக்கும் தோன்றவில்லை. குழந்தை அண்ணியிடமா என்னிடமா என்பதைத் தாண்டி என் புத்தி போகவில்லை. ஒரு வாரம் அவகாசம் இருந்தது. அந்த வாரத்தை நான் பாத்திரம் கழுவியும் துணி துவைத்தும் கழித்தேன்.

கிருஷ்ணகிரியில் பஸ் நின்றது. அவர் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தார். தம்ளர் ஜன்னல் கம்பியில் தட்டிக் கொஞ்சம் என் புடவையில் சிந்தியது. மகள் விழித்துக்கொள்ளாமல், மெதுவாகத் துடைத்துக்கொண்டேன்.